பிள்ளையை வெளியே போடும் வேலையை பொட்டிடம் கொடுக்காதீர்கள்



கொஞ்சம் நீளமான பதிவு. ஒன்லைன் வகுப்பு நடத்தும் ஆசிரியர்கள், குரூப் அட்மின்மார், மாதாமாதம் காசு கட்டும் பெற்றோர் ஆகிய மூன்று தரப்பும் கடைசி வரை வாசியுங்கள். யாரையும் குத்திக்காட்ட எழுதவில்லை. குத்திக்காட்டுவதென்றால் முதலில் எங்களைத்தான் குத்த வேண்டும். இதில் நாங்களும் குற்றவாளிகள்.

நடந்தது இதுதான். உயர்தரப் பரீட்சைக்கு 18 நாள் இருக்கும்போது, ஓர் இரவு 12 மணிக்கு, எங்கள் வகுப்பின் டெலிகிராம் குரூப்பிலிருந்து ஒரு பிள்ளை நீக்கப்பட்டாள். அட்மின்களாக இருந்த நாங்கள் நான்கு பேரும் அந்த நேரம் தூக்கத்தில். அவளை நீக்கியது பொட். கடலுக்குப் போகும் போட் இல்லை. காசு கட்டியவரை உள்ளே எடுக்கவும், கட்டாதவரை வெளியே போடவும் நாங்களே காசு கொடுத்துச் செய்வித்த ஒரு புரோகிராம்.

காலையில் அவள் போனைப் பார்த்தபோது குரூப்பே இல்லை. தன் போனில்தான் ஏதோ பழுது என்று நினைத்து டெலிகிராமை அழித்துவிட்டுத் திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறாள். நான்காம் நாள் அஸருக்குப் பிறகு அவளுடைய உம்மா எங்களில் ஒருவரின் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் எண்ணி மடித்த 1500 ரூபாய். "சேர், காசு கொண்டு வந்திரிக்கன். புள்ளைய உள்ளுக்கு எடுங்க" என்றார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு எங்களுக்கு ஒழுங்காகத் தூக்கமில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

முதலில் எங்கள் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் "உனக்கென்ன, எழுதுவது லேசு" என்பீர்கள்.

2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது வட்ஸ்அப் குரூப் தொடங்கியவர்கள்தான் நாங்களும். அப்போது ஒரு குரூப்பில் 256 பேருக்கு மேல் சேர்க்க முடியாது. ஒன்று நிரம்பினால் இரண்டு, இரண்டு நிரம்பினால் மூன்று. கொரோனா போனது, வகுப்புகள் போகவில்லை. பிறகு கட்டணம் வைத்தோம். எங்கள் சொந்தப் பாடசாலைப் பிள்ளைகளிடம் சதமும் எடுப்பதில்லை. வெளிப் பிள்ளைகளிடம் மட்டும்தான். கட்டணம் வந்ததும் ஸ்லிப் வந்தது. ஒவ்வொரு மாதமும் முதல் பத்து நாள், இஷாவுக்குப் பிறகு உட்கார்ந்து ஸ்லிப் பார்ப்பதுதான் வேலை. மங்கலான படம், பாதி வெட்டிய படம், பெயரில்லாத ஸ்லிப், போன மாத ஸ்லிப், திகதி மாற்றிய ஸ்லிப், ஒரே ஸ்லிப்பை மூன்று பேர் அனுப்புவது. விடைத்தாள் திருத்த வேண்டிய நேரத்தில் நாங்கள் வங்கி லிகிதர் வேலை பார்த்துக்கொண்டிருந்தோம்.

லிங்க் பிரச்சினை இன்னும் மோசம். ஒருவர் கட்டுவார், அவருடைய லிங்க்கில் ஐந்து பேர் வருவார்கள். இரவிரவாக இருந்து தயாரித்த பாடக்குறிப்பு அடுத்த நாள் வேறொரு குரூப்பில் வேறொருவரின் பெயரில் கிடக்கும்.

இதையெல்லாம் விட வெட்கமான ஒன்றையும் நாங்கள் செய்தோம். பத்தாம் திகதி "இன்னும் கட்டணம் செலுத்தாதோர்" என்று பெயர்ப் பட்டியலைக் குரூப்பிலேயே போட்டோம். முந்நூறு பிள்ளைகள் பார்க்க. அப்போது அது எங்களுக்குப் பிழையாகத் தெரியவில்லை. "ஞாபகமூட்டல்" என்று பெயர் வைத்திருந்தோம்.

ஆகவே பொட் வந்தபோது சந்தோஷப்பட்டோம். அது வேலை செய்யும் விதம் லேசானது. டெலிகிராமிலேயே ஒரு பொட்டை உருவாக்கி, அதைக் குரூப்புக்கு அட்மினாக்க வேண்டும். கட்டணம் வந்ததும் அது அந்தப் பிள்ளைக்கு மட்டும் ஒரு லிங்க் கொடுக்கும். ஒருவர் நுழைந்ததும் செத்துப்போகும் லிங்க். ஆகவே பகிர்ந்து பயனில்லை. யார் எப்போது சேர்ந்தார், எப்போது முடிகிறது என்று ஓர் அட்டவணையில் குறித்துக்கொள்ளும். தினமும் நள்ளிரவில் அட்டவணையைப் பார்க்கும். முடிய மூன்று நாள் இருந்தால் ஒரு மெசேஜ். முடிந்துவிட்டால் நீக்கம். பட்டியல் இல்லை, சண்டை இல்லை, "சேர், நாளைக்குக் கட்டுறன்" என்ற கதையும் இல்லை.

அந்தக் கடைசி வசதிதான் விஷம். "நாளைக்குக் கட்டுறன்" என்று சொல்ல ஒரு வாசல் இருந்தது. அதை நாங்கள் மூடிவிட்டு, தொல்லை தீர்ந்தது என்று நினைத்தோம்.

இனி எங்கள் வாதத்துக்கு வருகிறோம்.

பொட்டுக்கு மாதம் என்றால் 30 நாள். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை எங்கள் கரையோரத்தில் எத்தனை வீட்டுக்கு மாதம் 30 நாள்? எங்களைப் போல அரச சம்பளம் எடுப்பவர்களுக்கு மட்டும்தான். வயல் செய்பவருக்கு வருடத்தில் இரண்டு தடவைதான் காசு வரும். பெரும்போக அறுவடைக்கு ஒன்று, சிறுபோக அறுவடைக்கு ஒன்று. கடலுக்குப் போகிறவருக்குக் கடல் கொடுக்கிற அன்றுதான் சம்பளம். கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிற வாப்பாமாருக்குக் கம்பனி சம்பளம் போடுகிற அன்று.

இப்போது நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். 2024, 2025 இரண்டு வருடமும் உயர்தரப் பரீட்சை நவம்பரில்தான் தொடங்கியது. நவம்பர் எங்கள் ஊருக்கு என்ன மாதம்? பெரும்போகத்துக்கு உழுது விதைத்து, உரத்துக்கும் எண்ணெய்க்கும் கையிலிருந்த கடைசிக் காசையும் வயலில் கொட்டிவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் மாதம். வாடை தொடங்கிக் கடல் கொந்தளித்து, தோணிகள் கரையில் ஏறிக் கிடக்கும் காலம். பிள்ளைக்கு வகுப்பு அதிகமாகத் தேவைப்படும் மாதமும் வீட்டில் காசு குறைவாக இருக்கும் மாதமும் ஒன்றுதான். அந்த மாதத்தில் பொட் நள்ளிரவில் எழும்பி நாள் எண்ணுகிறது.

அந்த உம்மாவின் கதையும் இதுதான். கணவர் குத்தகைக்கு வயல் செய்பவர். மற்ற மாதங்களெல்லாம் ஒழுங்காகக் கட்டியவர்கள். எங்கள் அட்டவணையில் அதற்கு ஒரு நிரலும் இருக்கவில்லை. "முடியும் திகதி" என்ற ஒரே நிரல்தான் இருந்தது.

2024 நவம்பர் கடைசி வாரத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். 25ஆம் திகதி பரீட்சை தொடங்கியது. அடுத்த நாட்களில் வந்த வெள்ளத்தில் பரீட்சையையே சில நாட்கள் நிறுத்தி வைத்தார்கள். பாதை இல்லை, மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை. நாட்டின் பரீட்சைத் திணைக்களமே பிள்ளைகளுக்காக நாளை நிறுத்திய வாரம் அது. அப்படியொரு வாரத்தில் எங்கள் பொட் என்ன செய்யும்? நாள் எண்ணும். அதற்கு வெள்ளம் தெரியாது. தெரிய வேண்டும் என்று அதைச் செய்வித்த நாங்களும் யோசிக்கவில்லை.

"மெஷின் ஆள் பார்க்காது, எல்லோருக்கும் ஒரே நீதி" என்று ஒரு வாதம் வைக்கிறார்கள். எங்கள் நண்பர்களே வைக்கிறார்கள். அட்மினுக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளை கட்டாமலே இருக்கும், தெரியாத வீட்டுப் பிள்ளை வெளியே போகும். அந்த அநியாயம் பொட் வந்ததும் ஒழிந்தது என்கிறார்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒத்துக்கொள்கிறோம். ஆனால் மெஷின் செய்வது நீதியா? இயலாதவனையும் மனமில்லாதவனையும் ஒரே வரிசையில் நிறுத்தி ஒரே வெட்டாக வெட்டுகிறது. புதுக் கார் வாங்கிவிட்டு 1500 ரூபாயை மறந்துபோன வீடும், அந்த 1500இல் அரிசி வாங்கிய வீடும் அதற்கு ஒன்று. அந்த இரண்டையும் பிரித்தறிவதற்குத்தான் ஆசிரியர் என்று ஓர் ஆள் இருக்கிறார். கஷ்டத்தில் இருக்கும் கடனாளிக்கு வசதி வரும் வரை அவகாசம் கொடுக்கச் சொன்ன மார்க்கத்தில் இருந்துகொண்டு, அவகாசம் என்ற சொல்லே தெரியாத ஒன்றிடம் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலைக் கொடுத்திருக்கிறோம்.

சந்தா என்பது எங்களுக்குப் புதிதா? பள்ளிவாசலுக்கு மாதச் சந்தா இருக்கிறது. பிந்தினால் கொப்பியில் நிலுவை என்று எழுதுவார்கள். அதற்காக யாராவது ஜும்ஆவுக்கு வாசலில் நின்று "உங்கட சந்தா முடிஞ்சிட்டு, வெளிய போங்க" என்று சொல்லியிருக்கிறார்களா? மரணாதாரச் சங்கங்கள் இருக்கின்றன. அங்கே நிலுவை கூடினால் அங்கத்துவம் போகும் என்று விதி இருக்கும். ஆனால் பெயரை வெட்டுவதற்கு முன் ஒருவர் சைக்கிளில் வீட்டுக்குப் போய் "காக்கா, என்ன பிரச்சினை?" என்று கேட்பார். கேட்டு வந்து கூட்டத்தில் சொல்வார். பிறகுதான் முடிவு. படிப்பு அதிகமில்லாத எங்கள் மூத்தவர்கள் கட்டியெழுப்பிய ஒழுங்கு இது. பட்டதாரிகளான நாங்கள் அதிலிருந்து அந்த சைக்கிளைக் கழற்றிவிட்டோம்.

இன்னொரு விஷயம், பலருக்குத் தெரியாதது. வட்ஸ்அப் குரூப்பிலிருந்து ஒருவரை நீக்கினாலும் பழைய மெசேஜ்கள் அவருடைய போனில் இருக்கும். போன மாதக் குறிப்பைத் திறந்து படிக்கலாம். டெலிகிராமில் அப்படி இல்லை. எங்களுடையது போன்ற குரூப்பிலிருந்து நீக்கினால் மொத்த அறையும் பூட்டப்படும். இரண்டு வருடமாகக் காசு கட்டிப் பெற்ற குறிப்பு, வினாத்தாள், குரல் பதிவு எல்லாம், இறக்கி வைக்கவில்லையென்றால், ஒரே நொடியில் இல்லை. கடை வாடகை ஒரு மாதம் பிந்தியதற்காக, வாடகை ஒழுங்காகக் கட்டிய காலத்தில் வாங்கி வைத்த சாமானையும் சேர்த்துப் பூட்டுகிற முதலாளியை ஊரில் என்ன சொல்வோம்? அதைத்தான் நாங்கள் 23 மாதம் ஒழுங்காகக் கட்டிய பிள்ளைக்குச் செய்தோம்.

அதோடு முடியவில்லை. உம்மா காசு தந்த பிறகு நாங்கள் புது லிங்க் அனுப்பினோம். திறக்கவில்லை. இன்னொன்று அனுப்பினோம். அதுவும் திறக்கவில்லை. காரணம் அடுத்த நாள்தான் தெரிந்தது. டெலிகிராமில் பொட் ஒருவரை நீக்கும்போது அவர் தடை செய்யப்பட்டோர் பட்டியலில் விழுகிறார். அந்தத் தடையை எடுக்காமல் எத்தனை லிங்க் அனுப்பினாலும் அவரால் உள்ளே வர முடியாது. ஒழுங்கான பொட் என்றால் நீக்கிய உடனேயே தடையையும் எடுத்துவிட வேண்டும். எங்களுடையது எடுக்கவில்லை. அதாவது, சந்தா பிந்திய ஒரு மாணவியை, ஆபாசப் படம் போட்டவனைத் துரத்துவது போலத் துரத்தியிருக்கிறோம். காசு கட்டிய பிறகும் ஒரு நாள் வெளியே நிறுத்தியிருக்கிறோம். செய்து தந்த தம்பியைக் குறை சொல்லவில்லை. வாங்கும்போது "காசு கட்டியவர் திரும்பி வருவது எப்படி?" என்று நாங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வெளியே போடுவது எப்படி என்று மட்டும்தான் கேட்டோம்.

அவள் பரீட்சை எழுதினாள், நன்றாகவே எழுதினாள், அல்ஹம்துலில்லாஹ். அது அவளுடைய கெட்டித்தனம். எங்களுக்கு அது சாட்டாகாது.

காசு கட்டும் வழியையும் யோசியுங்கள். பொட் தானாகக் கதவைத் திறக்க வேண்டுமென்றால் கார்டில் கட்ட வேண்டும். இல்லை வங்கி அப்பில் அனுப்ப வேண்டும். ஊரில் எத்தனை உம்மாமாரிடம் கார்டு இருக்கிறது? வங்கிக்கு ஓட்டோ பிடித்துப் போய், வரிசையில் நின்று, ஃபோம் நிரப்பிக் கட்டுகிறவர்கள்தான் அதிகம். அவர்களுடைய ஸ்லிப்பை யாராவது கண்ணால் பார்க்கும் வரை பொட் திறக்காது. போன் காக்காவுடையது, எக்கவுண்ட் வாப்பாவின் நம்பரில், படிக்கிறது தங்கச்சி. காக்கா வேலைக்குக் கொழும்புக்குப் போனால் தங்கச்சியின் வகுப்பும் பஸ் ஏறிவிடும். பொட்டுக்கு எக்கவுண்ட்தான் ஆள். எங்கள் வீடுகளில் ஒரு போனுக்குப் பின்னால் மூன்று பிள்ளைகள் இருப்பது அதற்கு எப்படித் தெரியும்?

பெற்றோருக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது, கோபிக்காதீர்கள். வசதி இருந்தும் கட்டாமல், கட்டிய வீட்டின் லிங்க்கை வாங்கிப் பாவித்தவர்கள்தான் இந்த பொட்டை ஊருக்குள் கொண்டு வந்தவர்கள். ஸ்லிப்பில் திகதி மாற்றப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். ஆசிரியனை ஏமாற்ற முடிந்ததைக் கெட்டித்தனம் என்று நினைத்தீர்கள். அதற்குப் பதிலாக வந்த பூட்டு உங்கள் பிள்ளையைத் தொடவில்லை; உங்களால் உடனே கட்ட முடியும். அது தொட்டது, பொய்யே சொல்லாமல் 18 நாளுக்கு முன் வெளியே போன அந்தப் பிள்ளையைத்தான்.

அப்படியானால் பொட்டே வேண்டாமா? வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. திரும்பவும் ஸ்லிப் எண்ணிக்கொண்டிருக்க எங்களுக்கும் விருப்பமில்லை. ஒரு விஷயத்தில் பொட் எங்களை விட நல்லது: அதற்கு வாய் இல்லை. யார் கட்டினார், யார் கட்டவில்லை என்று அது தெருவில் நின்று கதைக்காது. எங்களுடைய அந்தப் பெயர்ப் பட்டியலை விட அது ஆயிரம் மடங்கு மேல். அந்த நல்லதை எடுத்துக்கொண்டு மற்றதை எங்கள் கையில் வைத்துக்கொள்வதுதான் புத்தி.

ஊரில் வகுப்புக் குரூப் நடத்தும் எல்லோரிடமும் இவற்றைக் கேட்கிறோம்.

1. பொட் உள்ளே எடுக்கட்டும், ஞாபகமூட்டட்டும், கணக்கு வைக்கட்டும். வெளியே போட வேண்டாம். நாள் முடிந்தவர்களின் பெயரை அட்மினுக்கு மட்டும் அனுப்பட்டும். அந்தப் பெயருக்கு ஒரு அட்மின் கோல் எடுத்துக் கதைக்காமல் ஒருவரும் நீக்கப்படக் கூடாது. ஒரு மாதத்தில் பத்து, இருபது கோல்தான். அதற்கும் நேரமில்லையென்றால் முந்நூறு பிள்ளைகளைச் சேர்த்திருக்கவும் கூடாது.

2. பரீட்சை நேர அட்டவணை வந்த நாள் முதல் கடைசி வினாத்தாள் முடியும் வரை நீக்கம் என்ற பேச்சே வேண்டாம். நிலுவையைப் பிறகு கேட்போம். அறுவடைக்குப் பிறகு தருகிறேன் என்றால் அறுவடைக்குப் பிறகு.

3. கட்டிய மாதங்களின் குறிப்புகள் பிள்ளைக்குச் சொந்தம். அவற்றை வேறொரு சனலில் போட்டு வைப்போம். வகுப்பிலிருந்து விலகினாலும் அந்த சனல் அவர்களுக்குத் திறந்திருக்கட்டும்.

4. இயலாத வீடுகளின் பெயரையும் "கட்டியாயிற்று" என்றே பொட்டில் பதிவோம். பொட்டுக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓர் அட்மினுக்கு மட்டும் தெரிந்தால் போதும். உதவ விரும்பும் தனவந்தர்கள் அவரிடம் மாதக் கட்டணத்தைக் கொடுங்கள். யாருடைய பிள்ளைக்கு என்று கேட்காதீர்கள்.

5. காசைக் கையில் கொண்டு வந்து தருவதற்கும் ஓர் இடம் வேண்டும். ஒரு கடை, ஒரு ரசீதுப் புத்தகம் போதும்.

6. ஸ்லிப் படங்களைப் பதிந்தவுடன் அழித்துவிடுங்கள். மக்களின் வங்கிக் கணக்கு இலக்கம், பெண்பிள்ளைகளின் போன் நம்பர் எல்லாம் எங்கேயோ ஒரு கம்பியூட்டரில் குவிந்து கிடக்கின்றன. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று இந்த நாட்டில் இருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம். அது அமானிதம் என்பதற்காகவாவது அழியுங்கள்.

எங்களில் பெரும்பாலானோர் 1945இல் இந்த நாட்டில் தொடங்கிய இலவசக் கல்வியின் பிள்ளைகள். வாப்பா கட்டினாரா என்று பார்த்து எங்களை யாரும் பாடசாலை கேட்டில் நிறுத்தவில்லை. எங்களுடைய கட்டண வகுப்பு அந்தக் கேட்டுக்கு வெளியே இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் எங்கள் கையிலிருக்கும் சோக் உள்ளேயிருந்து வந்தது.

போன கிழமை பொட்டின் நள்ளிரவு வேலையை நிறுத்திவிட்டோம். இந்த மாதம் நாள் முடிந்தவர்கள் 14 பேர். 14 வீட்டுக்கும் கோல் எடுத்தோம். ஒன்பது பேர் "மறந்துட்டு சேர்" என்று அன்றே கட்டினார்கள். மூன்று பேர் தவணை கேட்டார்கள், கொடுத்தோம். ஒரு நம்பர் வேலை செய்யவில்லை. அந்த வீட்டுக்கு நாளை லுஹருக்குப் பிறகு ஒருவர் போகிறார். கடைசியாக ஒரு வாப்பா, "புள்ளைய நிப்பாட்டிட்டீங்களோ எண்டு பயந்துதான் நான் போனையே எடுக்கல்ல சேர்" என்றார். முன்பே கோல் எடுத்திருந்தால் அந்த மனிதர் அவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

அட்மின்மார் இன்றிரவே உங்கள் பொட்டின் அட்டவணையைத் திறந்து, நாளை நள்ளிரவு யாருடைய பெயர் விழப்போகிறது என்று பாருங்கள். அந்த வீட்டுக்கு ஒரு கோல் எடுங்கள்.

பிழையிருந்தால் சுட்டிக்காட்டுங்கள். சரியென்று பட்டால் உங்கள் பகுதி ஆசிரியர்களுக்கும் அனுப்பிவிடுங்கள்.